பேணிக்குள் இருந்த உம்மா

என் மகள் றுஷ்தாவும், கடைக்குப் பின்வளவில் இருக்கும் மீன்பிடிகாரன் நஸ்ரியின் மகன் இன்ஷாப்பும் ஒரே கிழமையில், ஒரே ஆஸ்பத்திரி வாட்டில், அடுத்தடுத்த கட்டிலில் பிறந்தவர்கள். நிறைகூட ஏறக்குறைய ஒன்றுதான். தராசில் வைத்து விலை கேட்டிருந்தால் எந்த வியாபாரியும் இரண்டுக்கும் ஒரே விலையைத்தான் சொல்லியிருப்பான். நானும் வியாபாரிதான். குறிஞ்சாக்கேணிச் சந்தியில் அரிசி முதல் ஃபோன் ரீலோட் வரை விற்கிறேன். அப்படியிருந்தும் சரக்கு எங்கே பிரிந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மூன்று வயது தாண்டியபோது றுஷ்தா பேசவில்லை, பேரம் பேசினாள். ஒரு டொபி கொடுத்தால் அடுத்தது எப்போது என்று கேட்பாள். "நித்திர கொள்ளு மகள்" என்றால், "கொண்டா என்ன தருவீங்க வாப்பா?" என்பாள். எங்கள் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு மீன்துண்டு கிடைத்த சரித்திரம் இல்லை. என் வாப்பா சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்பதைக்கூட முதலில் வேண்டாம் என்று சொல்லி, பிறகு யோசிப்பதுபோல் யோசித்துத்தான் கேட்பார். அந்தச் சத்தத்துக்குள் விழுந்து எழும்பிய பிள்ளை அவள்.

இன்ஷாப் வாய் திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. காது கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று தகரத்தில் தட்டிப் பார்த்தோம். துள்ளித் திரும்பினான். காது நல்லது. பெயருக்குத்தான் திரும்பவில்லை.

"ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும்," என்றார் மீன் வியாபாரி அலியார். "என்ட மூத்தவன் பள்ளிக்கூடம் போற வயசுலதான் வாயத் தொறந்தவன். இப்ப அவன மூடச் சொல்லுங்க பாப்பம்."

இன்ஷாப்பின் உம்மா சுஹைரா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. பிள்ளை தவழத் தொடங்கியபோது போனவள். பால்குடி மறக்காத பிள்ளையின் தாயை ஏஜென்சிக்காரன் எந்த வழியில் அனுப்பினான் என்று நான் கேட்கவில்லை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் அதைக் கேட்பதில்லை. நஸ்ரி இருட்டோடு கொட்டியாரக் குடாவுக்குப் போய், விடிந்து வந்து, பகலெல்லாம் தூங்குவான். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது நஸ்ரியின் ராத்தா, அவனுக்கு மூத்த சகோதரி, ஸுல்பிகா. நல்ல மனுசி. அந்த ஓரறை வீட்டின் வாசலோரம் மெஷினைப் போட்டு, கடைகளுக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறவள். வாய்க்குள் குண்டூசியை வைத்துக்கொண்டு தைப்பாள். குண்டூசி இல்லாத நேரத்தில் களைப்பு இருக்கும். நஸ்ரி மெஷின் சத்தத்துக்கு எழும்பமாட்டான், பிள்ளையின் சத்தத்துக்கு எழும்பிவிடுவான். ஆகையால் அந்த வீட்டில் இன்ஷாப்பைப் பார்த்து அதிகம் சொல்லப்பட்ட வசனம் ஒன்றுதான்: "உஸ்... வாப்பா நித்திர."

அங்கே மனம்விட்டுப் பேசியது ஒரு பேணி.

பால்மா வந்த வெறும் தகரப் பேணிக்குள் ஃபோனை நிறுத்தி வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். சுஹைரா காலையில் எஜமானி வீட்டு வைஃபையில் கோல் எடுத்து, தன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். கோல் அப்படியே திறந்திருக்கும். "புள்ள என்ட குரலக் கேட்டுக்கிட்டே வளரட்டும்" என்பது அவளே கண்டுபிடித்த யோசனை. குறிஞ்சாக்கேணியில் அந்த வீட்டைப்போல் டேட்டா கரைத்த வீடு வேறு இல்லை. விற்றவன் நான், எனக்குத் தெரியும். தாய்ப்பாசம் என்று நினைத்து என் மனமும் இளகியது. இளகிய மனத்தோடு விற்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் முகத்தைக் காட்டிக் கோல் எடுப்பாள். எடுத்தவுடன் அழுகை. "மகன், இன்ஷாப், என்ட கிளி" என்பாள், மூக்கைத் துடைப்பாள், மறுபடி அழுவாள். பிள்ளை அந்த முகத்தைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே ஓடிவிடுவான். மற்ற நாட்களில் பேணிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, வயிறு நிறைந்தவனைப்போல் இருப்பான்.

ஒருநாள் பத்துமணி வெயிலில் அலியார் சைக்கிளைக்கூட ஸ்டாண்டில் போடாமல் கடைக்குள் ஓடி வந்தார்.

"நானா, நஸ்ரிட புள்ள அறபு பேசுது!"

"தமிழே பேசாதவன் அறபு பேசுறானா?"

"அதுதானே நானும் சொல்றன்! மீன் எடுக்கப் போனன். சுவரப் பாத்துக்கிட்டு ஓதுற மாதிரிச் சொல்லுது. யாரு படிச்சுக் குடுத்த? உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"என்ன சொன்னவன்?"

"அது விளங்கினா நான் என்னத்துக்கு மீன் விக்கிறன்?"

ஊருக்கு இது போதும். மறுநாள் நஸ்ரியின் வளவில் செருப்பு வைக்க இடமில்லை. தோப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பரீட்சை எழுதும் பிள்ளை, பிள்ளை இல்லாத மருமகள், நெஞ்சுச்சளி என்று ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு போத்தல் தண்ணீர். "ஊது மகன்" என்று போத்தலை நீட்டினார்கள். அவன் ஊதினான். ஊதிய வாயோடு, அவர்களைப் பார்க்காமல், அந்தச் சொற்களைச் சொன்னான். என் மனைவி ஷிஃபானாவும் ஒரு போத்தலோடு போனாள். என் கடையில் வெறும் போத்தல் முடிந்துபோனது. கடை திறந்து வைத்திருப்பவன் அதற்கென்ன செய்ய?

பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வந்தார்கள். அவர் வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டார். "இது நான் ஓதின அறபு இல்ல. தெரியாததப் பத்தி நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்று எழுந்து போனார். லெப்பைக்கே தெரியாத அறபு என்று போத்தல்கள் இன்னும் கூடின.

கடைசியில் வந்தவன் ஸெய்னுதீன். குவைத்தில் வெகுகாலம் ட்ரைவராக இருந்து, முதுகு வலியோடும் ஒரு குளிர்பெட்டியோடும் திரும்பி வந்தவன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்ஷாப்பின் வாயைப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான்.

"அட அல்லாஹ்வே! இது குசினி அறபு மச்சான், அடுப்படியில பேசுறது! 'தஆல்' எண்டா வா. 'ஹலீப்' எண்டா பால். 'யல்லா பஹூதி, பாலக் குடி, வாயத் துடை' எண்டு சொல்றான். இதுக்கா தோப்பூர்ல இருந்து வந்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஸெய்னுதீனின் சிரிப்புத்தான் முதலில் நின்றது.

"பஹூதி யாரு?" என்று கேட்டான்.

வாசலோரத்தில் மெஷின் ஓய்ந்தது. ஸுல்பிகா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "சுஹைரா வேல செய்ற வீட்டுப் புள்ள. பஹத். செல்லமாத்தான் பஹூதி. இவன்ட வயசுதான்."

ஸெய்னுதீன் குனிந்து, மெல்லிய குரலில், "பஹூதி," என்றான்.

இன்ஷாப் திரும்பினான். திரும்பிச் சிரித்தான். கூப்பிட்டதற்கு அவன் திரும்பியதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் போத்தலை எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் வாசலிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சுஹைரா தன் மகனுக்குக் குரலைத்தான் அனுப்பினாள். அந்தக் குரல் காலைமுதல் மாலைவரை வேறொரு பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தது. வா என்றது, குடி என்றது, கெட்டிக்காரன் என்றது. இவன் பேணிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

கிண்ணியாவில் பிள்ளைகளைப் பார்க்க நகரத்திலிருந்து வரும் டொக்டர் கீர்த்தனியிடம் ஸுல்பிகாவையும் பிள்ளையையும் என் வேனில் கூட்டிப் போனேன். றுஷ்தாவும் வந்தாள். அவளை வீட்டில் விட்டுப் போவதற்கு அவள் கேட்ட விலை எனக்குக் கட்டுபடியாகவில்லை.

டொக்டர் இன்ஷாப்பை நிறுத்தார், அளந்தார், கண்ணுக்கும் காதுக்கும் வெளிச்சமும் மணியும் காட்டினார், பொம்மை கொடுத்து வாங்கினார். பிறகு றுஷ்தாவிடம், "நீங்கள் ஆரோட வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சொன்னா அந்தப் பொம்மைய எனக்குத் தருவீங்களா?"

டொக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது எங்க பழகினது எண்டு கேக்கத் தேவையில்லை."

"ரெண்டும் ஒரே கிழமையில பிறந்தது டொக்டர். நிறையும் ஒண்டு. எப்பிடி இப்பிடி வித்தியாசம்?"

"நிறை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது. பிறந்தாப் பிறகுதான் மூளைக்குள்ள கன வழி திறபடுது. சாப்பாட்டால மட்டுமில்லை, கதையாலயும். பிள்ளை ஒரு சத்தம் போட, நீங்கள் ஒண்டு சொல்ல, அது திரும்ப ஒண்டு சொல்ல... அப்பிடி நடந்து நடந்துதான் வழி விழும். நடக்காத வழி புல் மூடிப் போகும்."

"எங்கட வீட்டுல பாசம் இல்லையா டொக்டர்?" என்று ஸுல்பிகா கேட்டாள். குரல் சின்னதாகப் போய்விட்டது.

"பாசம் குறைஞ்ச வீடெண்டு நான் சொல்லேல்லை அக்கா. வசதியில்லாத வீட்டில குறையிறது நேரம். நிம்மதி. களைச்ச மனுசர் கதைக்க மாட்டினம், அதட்டுவினம். அது உங்கட பிழையில்லை. ஆனா பிள்ளைட மூளைக்கு அந்த நியாயம் விளங்காது."

"இவன் நாள் முழுக்கக் கதை கேட்டவன்தானே?" என்றேன் நான்.

"கேட்டவன். ஆனா அது ஆருக்கோ சொன்ன கதை. இவன் வாய் திறப்பான் எண்டு அந்தப் பக்கம் ஆரும் பாத்துக்கொண்டு இருக்கேல்லை."

எனக்கு அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. இரண்டுபேர் பேரம் பேசும்போது பக்கத்தில் நின்று வாய் பார்ப்பவன் விலைகளை மனப்பாடம் செய்வான், பேரம் பழகமாட்டான். எதிர்விலை கேட்கப்படாதவனுக்குத் தான் சந்தையில் நிற்பதே தெரியாது.

"சுணங்கிப் போச்சா?" என்றாள் ஸுல்பிகா.

"இன்னும் இல்லை. ஆனா சுணங்கக் கூடாது. முதல் அந்த ஃபோனை நிப்பாட்டுங்கோ. ஆராவது ஒராள் இவனோட இருந்து, இவன்ட முகத்தைப் பாத்து, இவன்ட பேரைச் சொல்லிக் கதையுங்கோ. ஒவ்வொரு நாளும்."

மருந்துத் துண்டில் எழுதியதில் பாதியை மட்டும் வாங்கிப் போகிற ஊர் எங்களுடையது. எந்த ஃபாமசிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஃபோனை நிப்பாட்டினார்கள். அதற்குச் செலவில்லை. இருந்து கதைப்பதற்குத்தான் ஆள் வேண்டும். நஸ்ரி தூங்கினான். பெருநாள் நெருங்கியதால் ஸுல்பிகாவுக்கு வெட்டிய துணி மலைபோல் கிடந்தது. ஷிஃபானா போய்ப் பார்ப்பாள். போன இடத்தில் றுஷ்தா இரண்டுபேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

பேணி வாய் மூடிய பிறகு அந்த வீட்டின் அமைதி வேறு மாதிரி இருந்தது. ஆள் போன வீட்டில் விசிறி மட்டும் சுற்றுவதுபோல.

ஒரு மத்தியானம் ஸுல்பிகா நூல் வாங்க வந்து, நூலைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தாள்.

"நானா, வீட்டுல இன்னொரு புள்ள இருக்கு."

"யாருட புள்ள?"

"தெரியா. ஃபோன் நிப்பாட்டித்தான் இருக்கு. ஆனா நான் தைக்கக்குள்ள முதுகுக்குப் பின்னால ரெண்டு பேர்ட சத்தம் கேக்குது."

நானும் ஷிஃபானாவும் போனோம். சூடேறிய தகரக்கூரை டிக் டிக் என்று வெடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் நஸ்ரி முகத்தைச் சாரத்தால் மூடித் தூங்கினான். மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்ஷாப் பாயில் இருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பிஸ்கட் இரண்டாக உடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பாதி அவன் கையில். மற்றப் பாதி பாயின் வெறும் பக்கத்தில். அதில் எறும்பு மொய்த்திருந்தது.

அவன் பேசினான். மூன்று வயதுப் பிள்ளையின் தொண்டையிலிருந்து சுஹைராவின் குரல் வந்தது. அந்த இழுவை, சிரிக்கப் போவதற்கு முன்னால் அவள் எடுக்கும் அந்தச் சின்ன மூச்சு, எல்லாம். "யல்லா பஹூதி..." வெறும் காற்றில், தன் தலை உயரத்துக்குக் கையைத் தூக்கி, இல்லாத தலையைத் தடவினான். சட்டை நுனியால் இல்லாத வாயைத் துடைத்துவிட்டான். பிறகு சற்றே நகர்ந்து அந்த வெறும் இடத்தில் தானே போய் இருந்து, வேறொரு குரலில், சிணுங்கினான். மறுபடி எழுந்து வந்து, சிணுங்கியவனைச் சமாதானப்படுத்தினான்.

ஷிஃபானா என் கையைப் பிடித்தாள். 

அவள்தான் ஃபோனை எடுத்து அதைப் பதிந்து, ஒரு விளக்கமும் சொல்லாமல் சுஹைராவுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு விழுந்தது. பிறகு குரலில் ஒரே சொல் வந்தது. அழுகை இல்லை.

"வாறன்."

அவள் காசில் கட்டத் தொடங்கிய வீடு அரைச்சுவரில் நிற்கிறதே, இன்னொரு தவணை இருந்துவிட்டு வந்தால் என்ன என்று நஸ்ரி கேட்டானாம். "சுவரு என்ன உம்மா எண்டு கூப்பிடுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம்.

பெருநாள் கழிந்து வந்திறங்கினாள். பெட்டி வேனிலிருந்து இறங்குமுன் அவள் இறங்கி ஓடினாள். "இன்ஷாப்! மகன்! உம்மாடா!" கைகளை நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீராக. பிள்ளை அவளைப் பார்த்தான். வெள்ளிக்கிழமைப் பொம்பிளை ஃபோனை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றாள். அவன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். அவள் குனிந்து அழ அழ, அவன் சுவரோடு சுவராக உள்ளே நகர்ந்தான்.

"அழாம, அங்க கதைக்கிற மாதிரிக் கதைச்சுப் பாரு," என்றாள் ஸுல்பிகா. "பஹூதி எண்டு கூப்பிடு. வருவான்."

"பெத்த புள்ளய இன்னொருத்திட புள்ளைட பேரால கூப்பிடவா? என்ட வாய் அழுகிப் போகும் மதினி."

மறுநாளும் அவள் இறங்கி வரவில்லை. அவனும் வரவில்லை. சோற்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டால் சாப்பிட்டான்; அவள் கையால் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டான். "குவைத்துல இருந்து வெளிக்கிடக்குள்ள பஹத் என்ட சட்டையப் புடிச்சுக்கிட்டு, 'போகாத, போகாத' எண்டு தமிழ்ல அழுதிச்சு," என்று ஷிஃபானாவிடம் சொன்னாளாம். "எனக்குத் தெரியாமலே அதுக்குத் தமிழ் படிச்சுக் குடுத்திருக்கன்." பேரம் இறுகிப்போனால் யாராவது ஒருவர் முதலில் இறங்கத்தான் வேண்டும். அது மூன்று வயதுக்காரனாக இருக்க முடியாது.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நானும் ஷிஃபானாவும் றுஷ்தாவும் போனபோது சுஹைரா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி பாயில் இருந்தாள். அழுகையை விழுங்கிக்கொண்டாள். பிறகு, அந்த முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளிச்சமான ஒரு குரலில், "பஹூதி... தஆல் ஹபீபி," என்றாள்.

கட்டிலுக்குக் கீழே தவழ்ந்துகொண்டு வரும் சத்தம் கேட்டது. அவன் வெளியே வந்தான். அவளுடைய முதுகில் கன்னத்தை வைத்தான். அவள் அசையவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து அவளுடைய முகத்தைக் கண்டான். ஓடப் போனான். ஆனால் குரல் அந்த முகத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நின்றான். ஒரு விரலை நீட்டி அவளுடைய உதட்டில் வைத்து, அது அசைவதைப் பார்த்தான்.

மூக்கு எங்கே, கண் எங்கே என்று தாய்மார் விளையாடுவார்களே, அந்த ராகத்தில் அவள் கேட்டாள்: "வேன் இன்ஷாப்?" எங்கே இன்ஷாப்? அவனுடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதற்காக அவளுடைய விரல் எழும்பிக்கொண்டிருந்தது.

அவன் யோசித்தான். பிறகு, கெட்டிக்காரப் பிள்ளையாக, எழுந்து தேடப் போனான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே பார்த்தான். அலுமாரியைத் திறந்து உடுப்புகளை விலக்கிப் பார்த்தான். திரும்பி வந்து இரண்டு கைகளையும் விரித்தான்.

"இன்ஷாப் மாஃபி."

மாஃபி என்றால் இல்லை. வெளிநாடு போகாத எங்கள் ஊர்க் கிழவர்களுக்கும் அந்த ஒரு சொல் தெரியும்.

ஸுல்பிகா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுஹைராவின் விரல் எழும்பிய இடத்திலேயே நின்றது.

றுஷ்தா முன்னால் வந்தாள். "எனக்குத் தெரியும் இன்ஷாப் எங்க இருக்கான் எண்டு. சொன்னா என்ன தருவீங்க மாமி?"

"சொல்லாத மகள்," என்றாள் சுஹைரா. அவள் தன் குரலை விட்டுவிடவில்லை. அதே வெளிச்சத்தில் வைத்திருந்தாள். "நாங்க தேடிப் பாக்குறம்." பாயிலிருந்து எழுந்து அவனுடைய கையைப் பிடித்தாள். "வா, தேடுவம்."

தையல் துணிக் குவியலைத் தூக்கி அவன் அறபில் இங்கேயா என்று கேட்டான். "இஞ்ச இல்ல," என்றாள் அவள். தண்ணீர் பிடித்து வைக்கும் பரலுக்குப் பின்னால் போனார்கள். கேட்டான். "இஞ்ச இல்ல." கோழிக்கூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அவன் பொறுத்துப் பார்த்தான்.

"இஞ்ச... இல்ல," என்றான் அவனே.

வளவு முடிந்து களப்பின் தண்ணீர் தொடங்கும் இடத்தில் இரண்டுபேரும் போய் நின்றார்கள். அதற்குமேல் தேட இடமில்லை. அவன் தண்ணீரைப் பார்த்தபடி, காணாமல்போன பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், கூப்பிட்டான்.

"இன்ஷா...ப்!"

தலையைச் சாய்த்துக் கேட்டான். நீர்க்காகம் ஒன்று எழும்பிப் போனது. பிறகு, தன்னுடைய சத்தம் போதாதென்று நினைத்தானோ என்னவோ, நிமிர்ந்து உம்மாவின் வாயைத் தொட்டான்.